வெளுத்த மண்

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம், மூடுபனி, காற்று அறவே இல்லை. நெய்வேலி நகரியத்தின் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தாலும் அவை தம்மையன்றி வேறெதையும் காட்டவில்லை. குஞ்சிதபாதம் முன்கதவைத் திறந்து, நாள்தோறும் செய்வதுபோல் வெறுங்காலுடன் வராந்தாவில் இறங்கினார். தரை சுட்டது.

சுட்டது என்பது சற்று மிகை. வெதுவெதுப்பாக இருந்தது. இரவெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டு அப்போதுதான் எழுந்துபோயிருந்தால் அந்த இடத்தில் என்ன சூடு மிஞ்சியிருக்குமோ, அந்தச் சூடு. தை மாதப் பனியில் சிமெண்டுத் தரை பாதத்தைக் கடிக்கவேண்டும். அவர் காலை ஒரு சாண் நகர்த்தி வைத்துப் பார்த்தார், கடித்தது. பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்; கடிக்கவில்லை. குனிந்து பார்த்தபோது, சிவப்புத் தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு, சுவரில் உப்புப் பூப்பதுபோல் மெல்லிய வெண்மை பூத்திருந்தது.

வாசல் தெளிக்க வாளியுடன் வந்த மனைவி அம்சவல்லி அவர் பின்னால் நின்றாள்.

"இன்னாங்க, பனியில குனிஞ்சிகினு இன்னா தேடறீங்க?"

தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் உள்ளங்கையை வைத்தாள்.

"சில்லுனுதான இருக்குது." புறங்கையால் அவருடைய கழுத்தையும் தொட்டாள். காய்ச்சல் இல்லை. வெண்மையைக் காட்டினார். போர்வெல் தண்ணீரின் உப்பு என்றாள்; இந்த ஊரில் எந்தத் தரையில்தான் அது பூக்கவில்லை என்றும் கேட்டாள். பிறகு வாளி நீரை விசிறி ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, கோலப்பொடிக் கிண்ணத்துடன் தெருவில் இறங்கினாள். தரை முழுவதும் ஈரம் மின்னியது. அந்த ஒரு வட்டம் மட்டும், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கி உலர்ந்தது.

தண்ணீரை ஊற்றி, அது எத்தனை விரைவில் உலர்கிறது என்று பார்ப்பது அவருடைய தொழில். பழுப்பு நிலக்கரி பூமிக்கடியில் இருக்கும்வரை சாதுவானது. வெட்டி எடுத்துக் காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும் இயல்புடையது. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டப்படும் மேல்மண் மேடுகளுக்குள் சிக்கிய கரித்துண்டுகள் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெளியே தெரிவது மண்ணிடுக்கில் எழும் ஓர் இழைப் புகை மட்டும். அந்தப் புகையைத் தேடிப் போய், நீர் பாய்ச்சியோ மண் மூடியோ அடக்குவது தீத்தடுப்புப் பிரிவின் வேலை. பிரிவில் மூத்தவர் குஞ்சிதபாதம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவர் கற்பிக்கும் விதி ஒன்றுதான்: கறுப்பை மிதிக்காதே, வெளுத்த இடத்தில் கால் வை. கரி முழுவதும் எரிந்து தீர்ந்து, சாம்பல் வெளுத்து, மழையில் நனைந்து இறுகிய தரை ஆளைத் தாங்கும். அந்த மேடுகளில் இவ்விதி ஒருநாளும் பொய்த்ததில்லை. அதை நம்பி அவர் பின்னால் நடந்த எவருக்கும் உள்ளங்கால்கூடச் சுட்டதில்லை.

சென்ற டிசம்பர் வரையில்.

மந்தாரக்குப்பத்தில் சுற்றுலாக் கடை வைத்திருக்கும் ஜெயராமன், காசிக்கும் ராமேசுவரத்துக்கும் ஆள் சேர்த்துப் பழகியவர், அந்த மாதம் முதன்முறையாக ஜாவாத் தீவுக்கு ஒரு பயணம் அறிவித்தார். எரிமலைகள், கந்தகப் பள்ளங்கள், கொதிக்கும் சேற்றுக் குளங்கள். முதலில் பெயர் கொடுத்தவர் குஞ்சிதபாதம். வாழ்நாள் முழுவதும் எரிகிற மண்ணின் மேல் நடந்தவருக்கு அதன் மூலத்தைக் காணவேண்டும் என்று ஓர் ஆசை. இங்கே இல்லாத நெருப்பையா அங்கே போய்ப் பார்க்கப்போகிறீர்கள் என்று சொல்லி அம்சவல்லி வர மறுத்துவிட்டாள். துணைக்கு அவர் இழுத்துச் சென்றது, தம் பிரிவில் தம்மிடமே தொழில் பழகிய அருண்பிரசாத்தை. அதே பிளாக்கில், பக்கத்துத் தெருவில் குடியிருந்தவனை. போனவர்களில் அவனைத் தவிர எல்லோரும் திரும்பினார்கள். அவனுடைய உடல்கூடத் திரும்பவில்லை. வெள்ளைத் தரை உடைந்து கொதிநீருக்குள் போன உடலை எடுக்க அங்கே எவராலும் இயலவில்லை.

இப்போது சாப்பாட்டு மேசையின் மேல், கண்ணாடி டம்ளர் ஒன்றின் அடியில், ஜெயராமன் முந்தின நாள் வைத்துவிட்டுப் போன தாள் கிடந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. வழிகாட்டி யான்தோ என்பவரே பாதையை விட்டு இறங்கச் சொல்லி அந்த இடத்தைக் காட்டினார் என்றும், அதை நேரில் கண்டேன் என்றும் அதில் இருந்தது. விபத்து நடந்தபோது பயணிகளில் அருகில் நின்றவர் குஞ்சிதபாதம் ஒருவரே. மற்றவர்களை ஆவி மறைத்திருந்தது. இந்தத் தாள் போய்ச் சேர்ந்தால் காப்பீட்டுத் தொகை அருண்பிரசாத்தின் மனைவிக்கு வரும். காவலில் இருக்கும் யான்தோ சிறைக்குப் போவார். போய்ச் சேராவிட்டால் அவர் வீடு திரும்புவார்; தடையை மீறித் தானே இறங்கியவனுக்குக் காப்பீடு இல்லை என்பதால் அவளுக்கு ஒன்றும் வராது; பிறகு, அந்த இடத்தைக் காட்டியது யார் என்ற கேள்வி நெய்வேலிக்கு வரும். ஜெயராமன் இதைத் தம் பாணியில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓர் ஆளுக்காக நம் வீட்டுப் பெண்ணைத் தெருவில் நிறுத்தப்போகிறீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

ஏழு மணிக்கு மலர்கொடி வந்தாள். அருண்பிரசாத்தின் மனைவி. நெற்றியில் ஒன்றும் இல்லை. முகத்தில் தூக்கமும் இல்லை. அம்சவல்லி கொடுத்த காபியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஜெயராமன் அண்ணன் போன் பண்ணாரு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்க எழுதிக் குடுத்தா நாளைக்கு அனுப்பிடலாமாம். நான் அவசரப்படுத்தலண்ணா."

அவர் சரி என்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" காபியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பாஷை தெரியாத ஒரு ஆளு கை காட்டினான்னு அவரு எறங்கிருப்பாரா? வூட்டுல ஒரு பல்பு மாட்டணும்னாகூட, இரு, சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேம்பாரு. மூச்சு வுடறதுக்கும் உங்க சாரைக் கேட்டுக்குங்கன்னு நான் கிண்டல் பண்ணுவேன்."

அம்சவல்லி சமையலறைக்குள் திரும்பிக்கொண்டாள். குஞ்சிதபாதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த ஆளுதான் கையைக் காட்டினான். இவர் எறங்கிட்டார். நான் கூப்பிடறதுக்குள்ள எறங்கிட்டார்."

அதுவரை அந்தப் பொய்யை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. தலையசைத்திருக்கிறார், மறுக்காமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். சொல்லி முடித்த கணத்தில் தரைக்கடியில் ஓர் ஒலி கேட்டது. கேழ்வரகுக் கூழ் கெட்டிப்படும் நேரத்தில் பானைக்குள்ளிருந்து எழுமே, ஒரு குமிழி மெல்ல உப்பி, தயங்கி, உடையும் ஒலி. ஒரு முறை. பிறகு சற்றுத் தள்ளி மறுபடியும். அவர் சமையலறையைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மலர்கொடி பாதங்களைப் புடவைக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தரையில் படிய வைத்தாள்.

"உங்க வூட்டுத் தரை கதகதன்னு இருக்குதுண்ணா," என்றாள். "குளிருக்கு நல்லா இருக்குது."

ஏழரைக்கு நிறுவனத்தின் பேருந்து வந்தது. கண்ணாடிகள் பனியால் வெளுத்திருந்தன. உள்ளே எல்லோரும் மப்ளருக்குள் முகத்தைப் புதைத்து அரைத்தூக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அவற்றின் ஆவி பனியோடு கலந்து சாலையில் இறங்கியிருப்பது ஈரமாகத் தெரிந்தது. அதில் கந்தக வாடை இருப்பது புதிதன்று. நகரியத்தில் வளர்ந்த குழந்தைகள் அதைக் காற்றின் வாசனை என்றே நினைப்பார்கள். ஆனால் அன்று அது வெளியிலிருந்து வரவில்லை. அவருடைய சட்டையிலிருந்து வந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கை மூடினார். கைக்குட்டையிலிருந்தும் வந்தது.

சுரங்கத்து வாயிலிலிருந்து ஜீப்பில் மேட்டுக்குப் போகவேண்டும். அந்தப் பாதை அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்: இடப்பக்கம் சுரங்கத்தின் பள்ளம், அதன் அடியில் எங்கோ கரி சுமந்து ஓயாமல் உருளும் கன்வேயர் பட்டையின் இரைச்சல், வலப்பக்கம் அடுக்கடுக்காக உயரும் மேல்மண், மஞ்சளும் செம்மையும் சாம்பலுமாக, ஒரு புல்கூட ஒட்டாமல். பத்து மணி ஆகியும் பனி விலகவில்லை. ஜீப்பின் விளக்கு வெளிச்சத்தில் பாதையோரத்து விரிசல்களிலிருந்து ஆவி எழுந்து, எழுந்த இடத்திலேயே தயங்கி நின்றது. ஜாவாவில் வேன் ஏறிய மலைப்பாதையும் இப்படித்தான் இருந்தது. அங்கே அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, நம் ஊர் மேடுதான், கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வேன் முழுவதும் சிரித்தது. உரக்கச் சிரித்தவன் அருண்பிரசாத்.

மேட்டின் உச்சியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தண்ணீர்க் குழாயைத் தோளில் தாங்கிக் காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவன் வளையமாதேவி கிராமத்தைச் சேர்ந்த நெடுமாறன். எதிர்ப்புறத்தில் புகை எழும் இடத்துக்குக் குழாயை இழுத்துச் செல்லவேண்டும். இடையில் ஒரு பரப்பு, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக. எங்கே கால் வைப்பது என்று குஞ்சிதபாதம் சொல்லவேண்டும். இத்தனை ஆண்டுகளில் அவர் அதை யோசித்துச் சொன்னதில்லை.

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

"இன்னா சார், இன்னிக்கு சாமி வாக்கு குடுக்கலயா?" என்றான் நெடுமாறன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "எங்க மிதிக்கணும்னு சொன்னா போயிகினே இருப்போம்ல."

இரு என்று கையால் காட்டிவிட்டு அவர் வெள்ளைப் பரப்பின் விளிம்பு வரை நடந்தார். இறுகிய சாம்பல். மழை கண்ட சாம்பல். நூறு முறை கடந்த இடம். அதன் நடுவில், எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் வந்து சேர்ந்த தடயமில்லாத ஓர் இடத்தில், ஒரு காலடி பதிந்திருந்தது. அதிலிருந்து ஓர் எட்டு வைக்கும் தூரம் இப்பால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. காலணியில்லாத, அகன்ற, ஆழமான காலடிகள். விளிம்பை நோக்கி வந்திருந்தன. கடைசிக் காலடி அவருடைய பூட்ஸின் முனைக்கு எதிரே, விரல்கள் அவரைப் பார்க்கும்படி, பதிந்து நின்றிருந்தது.

ஒவ்வொன்றிலும் நீர் தேங்கியிருந்தது. மழை பெய்து மாதம் ஆகிறது.

நெடுமாறன் அருகில் வந்து எட்டிப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது.

"நடுவால இருந்து யாரு சார் எறங்கி வந்தது?"

கடைசிக் காலடியின் நீர்ப்பரப்பில், குதிகால் இருந்த இடத்தில், ஒரு குமிழி மெல்ல உப்பியது. தயங்கியது. உடைந்தது.

வேலையை நிறுத்தச் சொன்னார். குழாயைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் வந்த வழியே திரும்பவேண்டும் என்றார். தரை சரியில்லை என்று மட்டும் காரணம் கூறினார். ஜீப் இறங்கும்போது அவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னிருக்கையில் நெடுமாறனும் இன்னொருவரும். ஒரு திருப்பத்தில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு கதவோடு ஒட்டி, உடலைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

அன்றைய மீதி நேரத்தை அவர் அலுவலக அறையில், நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு கழித்தார். நினைக்கக்கூடாது என்று விலக்கியவை யாவும் அங்கே வரிசை தப்பாமல் வந்தன.

ஜாவாவின் அந்தப் பீடபூமியில் பலகை போட்ட பாதை இருந்தது. இருபுறமும் சாம்பல் நிறச் சேறு கொதித்துக்கொண்டிருந்தது. பாதை முடியும் இடத்துக்கு அப்பால், உப்பளம்போல் ஒரு வெள்ளைப் பரப்பு. சுத்தமாக, உலர்ந்து, ஒரு விரிசலும் இல்லாமல். அதன் அப்புறத்தில் ஆவித் தூண்கள். யான்தோ ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு மூங்கில். அந்த மூங்கிலைப் பாதையின் குறுக்கே நீட்டி, வெள்ளையைக் காட்டி, தலையை மறுத்து மறுத்து ஆட்டினார். தமக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லையும் சொன்னார். நோ. அதைக் காட்டிலும் தெளிவாக ஒரு மனிதரால் சொல்ல இயலாது.

குஞ்சிதபாதம் சிரித்தார்.

"இவன் வேடிக்கை காட்டற ஆளு. நான் எரியிற மண்ணுலயே சோறு தின்னவன்," என்று அருண்பிரசாத்திடம் சொன்னார். "இந்த வெள்ளை தாங்கும். போயி நடுவுல நில்லு. ஒரு போட்டோ எடுத்தா ட்ரெய்னிங் கிளாஸ்ல காட்டலாம்."

"தாங்குமா சார்?"

"நான் சொல்றேன்ல."

அவன் மூங்கிலுக்கு அடியில் குனிந்து இறங்கினான். யான்தோ அவனுடைய சட்டையைப் பற்றினார், சட்டை நழுவியது. அவன் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தான். திரும்பி நின்றான். சிரித்தான். எரிந்து தீர்ந்த சாம்பலன்று அது. கொதிநீர் தன் மேல் தானே போர்த்திக்கொண்ட ஓடு. இதை அவர் பிறகு படித்துத் தெரிந்துகொண்டார். அப்பளம் நொறுங்கும் ஓசைகூட எழவில்லை. அவன் சட்டென்று இடுப்பளவு ஆனான். பிறகு மார்பளவு. அலறவில்லை, அதற்குள் ஆவி வந்து மூடிவிட்டது. ஆவிக்குள்ளிருந்து ஒரே ஒரு முறை, கேள்விபோல், சார் என்றான்.

இவ்வளவும் தவறு. அறியாமல் செய்த தவறு. தொழில் கற்பித்த தவறு. அதைச் சொல்லித் தம்மைத் தாமே மன்னித்துக்கொள்ள அவரால் முடிந்திருக்கும். முடியாமற்போனதற்குக் காரணம் வேறு. நெய்வேலி மேட்டில் முதலில் இறங்குவது எப்போதும் அவர், மற்றவர்கள் பின்னால். அன்று அவர் கால்கள் பலகையை விட்டு இறங்கவில்லை. போட்டோ எடுப்பதற்காக நின்றேன் என்பது காரணமாகலாம். ஆனால் போனை எடுப்பதற்கு முன்பே, அவனைப் போகச் சொல்வதற்கும் முன்பே, வலது காலைத் தூக்கி அந்த வெள்ளையின் மேல் கொண்டுபோய், வைக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார். ஏன்? உள்ளங்காலுக்கு ஏதோ தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் நான் சொல்றேன்ல என்றார்.

இதை யான்தோ பார்த்தார். அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

ஐந்தேகாலுக்கு வீடு திரும்பினார். அம்சவல்லி கோயிலுக்குப் போயிருந்தாள். வராந்தாவில் வெண்மை ஒரு தட்டளவில் நிற்கவில்லை. வாசற்படியிலிருந்து கூடம் வரை ஓடியிருந்தது. பூட்ஸைக் கழற்றாமல் சுவரோரமாக, சிவப்பு எஞ்சிய இடங்களில் மட்டும் கால் வைத்து உள்ளே போனார். கூடத்து ஜன்னல் கண்ணாடிகளில் வெளிப்புறமாக அன்றி உட்புறமாக நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிய முட்டையின் வாடை. சுவர் ஓரத்தில் சிமெண்டு மிக மெல்ல ஏறி இறங்கியது. தூங்குகிறவரின் வயிறுபோல்.

மேசையில் உட்கார்ந்தார். தாள் ஈரத்தில் தளர்ந்திருந்தது. பக்கத்தில் அவர் முந்தின இரவு எழுதத் தொடங்கிய இன்னொரு தாள். அதில் இருந்தது ஒரே வரி. அந்த வரியில், இடத்தைக் காட்டியவன் நான் என்று இருந்தது.

இரண்டையும் பார்த்தார்.

மலர்கொடியை நினைத்தார். அவள் பெயரால் பொய் சொல்வது எளிதாக இருந்தது. அந்த எளிமையே அவரைக் கூசச் செய்தது. யான்தோவின் முகத்தை நினைக்க முயன்றார். மூங்கில் நினைவுக்கு வந்தது, பூட்ஸ் நினைவுக்கு வந்தது, முகம் வரவில்லை. முகம் வராதது ஒரு வசதி. ஓய்வுபெறும் நாளில் பிரிவினர் போடப்போகும் மாலையை நினைத்தார். விசாரணை அறையில், காலைத் தூக்கினீர்களா, ஏன் வைக்கவில்லை என்று கேட்கப்போகும் குரலை நினைத்தார்.

தரைக்கடியில் ஒலி நெருங்கியது. கூடம். பிறகு மேசையின் கால். பிறகு நாற்காலி.

நேராக அவருக்கு அடியில்.

பேனாவை எடுத்தார். ஜெயராமனின் தாளில் கையெழுத்திட்டார். முழுப்பெயர். தேதி. அடிக்கோடு.

ஒலி நின்றது.

அத்தனை உடனடியாக நின்றதால் தம் மூச்சே அவருக்குப் பெரிதாகக் கேட்டது. கையைக் கீழே விட்டுத் தரையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. தை மாதத்துத் தரை. ஜன்னல் உலர்ந்திருந்தது, வாடை இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தார். கூடம் முழுவதும், வராந்தா வரையில், பழைய சிவப்பு. அவருக்கு அழுகை வந்தது. தம்மை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். யார் என்று நினைக்கவில்லை. தொடங்கி நிறுத்திய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முகம் கழுவி, சட்டை மாற்றி, கையெழுத்திட்ட தாளை நாலாக மடித்துக்கொண்டு கிளம்பினார்.

மாலை ஆறு மணி பத்து நிமிடம். பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்துத் தெருவுக்கு நடக்கும்போது கால்கள் லேசாக இருந்தன. எதிரே சைக்கிளில் வந்த ஒருவருக்கு வணக்கம்கூடச் சொன்னார். அருண்பிரசாத்தின் குவார்ட்டர்ஸ் தெருக்கோடியில். விளக்கு எரியவில்லை. வராந்தாவை மூடிய இரும்புக் கிரில்லுக்குப் பின்னால் இருள். அந்த இருளில் யாரோ நிற்பது அசைவாகத் தெரிந்தது.

"மலர்கொடி," என்றார். "எழுதிட்டேம்மா."

பதில் இல்லை. அழுதுகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கம்பிகளுக்கு இடையே தாளை நீட்டினார். உள்ளிருந்து ஒரு கை வந்து தாளின் மறுமுனையைப் பற்றியது. கணநேரம் இருவரும் அதைப் பிடித்திருந்தார்கள். அந்தக் கணத்தில் அந்தக் கையின் விரல்கள் அவர் விரல்கள்மேல் பட்டன. ஈரமாக இருந்தன. சூடாக இருந்தன. மிருதுவாக இருந்தன, வெந்தவைக்கு உரிய மிருது.

தாள் உள்ளே போனது.

அவர் கையைப் பின்னிழுத்தார். கிரில்லின் தாழ்ப்பாளில் பூட்டு தொங்கியது. வெளிப்பக்கத்தில்.

"அண்ணா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. மலர்கொடி பனிக்குள்ளிருந்து தெருவில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் காய்கறிப் பை. மறு கையில் சாவி.

"ரொம்ப நேரமா நின்னுகினு இருக்கீங்களா? கடைக்குப் போயிட்டேன். எழுதிட்டீங்களா?"

அவர் தம் விரல்களைப் பார்த்தார். அவற்றில் ஏதோ ஒட்டியிருந்தது. மெல்லியதாக. வெளுப்பாக. உரிந்து வந்ததாக.

கிரில்லுக்குள் தாள் பிரிக்கப்படும் ஓசை. பிறகு ஒரு குரல். மெதுவாக, எழுத்துக்கூட்டி, வாய் நிறைய நீரை வைத்துக்கொண்டு படிப்பதுபோல். குஞ்சிதபாதம் ஆகிய நான். நேரில் கண்டது. யாதெனில்.

மலர்கொடி நின்றாள். பை நழுவி விழுந்தது. தக்காளிகள் தெருவில் உருண்டன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில், இத்தனை நாளாக இல்லாத ஒன்று, வெளிச்சம்போல் வந்தது.

"அவருதான்," என்றாள்.

போகாதே என்று ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று அவர் சொல்லவேண்டும்.

வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

அவள் அவரைத் தாண்டிப் படியேறினாள். சாவி பூட்டில் நுழைந்தது, திரும்பியது. கம்பிகளுக்கு இடையே அந்தக் கை மறுபடியும் வெளியே வந்தது. இம்முறை தாளுக்காக அன்று. விரல்களை விரித்து, அவளுக்காக.

அவள் அதைப் பற்றிக்கொண்டாள்.